வாய்ப்புண்ணுக்குச் சூடு மட்டுமா காரணம்?



வாய்ப்புண் என்றதும் தமிழ்நாட்டில் மலையிலும் சமவெளியிலும் ஒரே பதில்தான்: "உடம்புச் சூடு." மணத்தக்காளிக் கீரை கடைந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். சின்னப் புண்கள் ஒன்றிரண்டு வாரத்தில் தாமாகவே ஆறும். ஆறிய புண் மாதாமாதம் திரும்பி வந்தால்?

1960-களின் தொடக்கம். ஜவ்வாது மலையையும் உள்ளடக்கியிருந்த அன்றைய வடாற்காடு மாவட்டத்தின் கிராமங்களில் ஒரு நோய் பரவியது. வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு. உடம்பு இளைத்தது, ரத்தம் குறைந்தது, நாக்கு சிவந்து புண்ணாகிச் சோறு இறங்கவில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் செல்வின் பேக்கர், வி.ஐ.மாத்தன் முதலியோர் இதை ஆராய்ந்தார்கள். நோயின் பெயர் வெப்பமண்டல ஸ்புரூ. சிறுகுடலின் உட்சுவர் பழுதுபட்டு, சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் உடம்பில் சேராமல் போயின. கோளாறு குடலில், அது தெரிந்த இடங்களில் ஒன்று வாய்.

ஏன் வாய்? வாயின் உட்தோல் வெளித்தோலைவிட வேகமாக உதிர்ந்து புதிதாக வளர்கிறது. புதிய செல் உண்டாக ஃபோலிக் அமிலமும் பி12-ம் வேண்டும், இரும்புச்சத்தும் வேண்டும். இவை குறைந்தால் தோல் மெலிந்து, பல் உரசினாலே புண்ணாகிவிடும்.

ஃபோலிக் அமிலத்தின் கதையிலும் தமிழ்நாட்டுக்கு ஓர் இடம் உண்டு. 1928-இல் பம்பாய்க்கு வந்த லண்டன் மருத்துவர் லூசி வில்ஸ், பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்கு வந்த ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அந்த வேலையைத் தொடர்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். அதிலிருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம் என்பது பின்னால் தெரிந்தது.

பி12 பற்றி இஸ்ரேலில் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. அடிக்கடி வாய்ப்புண் வருபவர்களுக்கு ஆறு மாதம் தினமும் 1000 மைக்ரோகிராம் பி12 கொடுத்தார்கள். ஆறாம் மாதத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 74 சதவீதம் பேருக்குப் புண்ணே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 32 சதவீதம்.

எல்லா வாய்ப்புண்ணும் சத்துக்குறைவால் வருவதில்லை. கூர்மையான பல், மனஉளைச்சல், பரம்பரை என்று காரணங்கள் பல. ஆனாலும் 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கும் இதே சத்துகளின் குறைவு ஒரு காரணம் என்பதால், அடிக்கடி வாய்ப்புண் வருபவர் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

இந்தச் சத்துகளை உணவிலேயே பெறலாம். ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது, கொள்ளு விளைகிறது, நெல்லி காய்க்கிறது. கொள்ளில் இரும்புச்சத்து உண்டு. கூடவே ஒரு நெல்லிக்காய் கடித்தால் அந்த இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேருவது குறையும். கீரையில் ஃபோலிக் அமிலம் உண்டு, ஆனால் நெடுநேரம் வேகவைத்தால் பெரும்பகுதி போய்விடும். பி12 கீரையில் கிடையாது. பால், முட்டை, மீன், ஈரல் வேண்டும்.

மூன்று வாரமாகியும் ஆறாத புண் என்றால் கைவைத்தியம் வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களுக்கு அது வாய்ப்புற்றின் தொடக்கமாகவும் இருக்கலாம். வலி இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் வாயைக் காட்டிவிட வேண்டும்.