சோம்பல் இல்லை

பிக்கட்டி ஊரில் வீட்டில் படுகு மொழி பேசும் பிள்ளை பள்ளியில் தமிழ் எழுதத் தடுமாறினால், 'மொழி புதுசு, போகப் போகச் சரியாகிவிடும்' என்கிறோம். பலருக்கு அது உண்மைதான். ஆனால் தமிழை நன்றாகப் பேசப் பழகிய பிறகும் மூன்றாம் வகுப்பில் 'பாடம்' என்பதைப் 'படம்' என்றே எழுதிக்கொண்டிருந்தால், கரும்பலகையைப் பார்த்து எழுதும் வரி தினமும் பாதியில் நின்றால், மொழியை மட்டும் காரணம் சொல்ல முடியாது. சோம்பல் என்று அடிப்பது அநியாயம். கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும்.

கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. அதற்கான சான்றிதழ் வாங்கினால் முத்திரை விழுமே என்று பெற்றோர் தயங்குவது புரிகிறது. ஆனால் 'மக்கு' என்ற முத்திரை முன்பே விழுந்துவிடுகிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும் கேட்டுப் பெறலாம். வீட்டிலும் ஒரேயடியாக உட்கார வைக்காமல், பத்து நிமிடம் படிப்பு, கொஞ்சம் ஓட்டம், மறுபடி பத்து நிமிடம் என்று பழக்குங்கள்.