பச்சை அவெஞ்சுரின்

கோயில் வாசல் கடைகளிலும் பொருட்காட்சிகளிலும் பச்சை நிற மணிமாலைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். விசாரித்தால் ஒரு கடைக்காரர் ஜேடு என்பார். அடுத்தவர் மரகதத்திலேயே ஒரு ரகம் என்பார். பல நேரம் அது இரண்டுமே இல்லை. அதன் பெயர் அவெஞ்சுரின்.

இது குவார்ட்ஸ் வகைக் கல். ஆற்று மணலில் இருக்கிற அதே குவார்ட்ஸ்தான். சுத்தமான குவார்ட்ஸுக்கு நிறம் கிடையாது. அவெஞ்சுரினுக்குள் ஃபுக்சைட் என்கிற மைக்கா செதில்கள் பொடிப்பொடியாகக் கலந்திருக்கின்றன. அந்த மைக்காவில் உள்ள குரோமியம்தான் பச்சைக்குக் காரணம். மரகதத்துக்குப் பச்சை தருவதிலும் குரோமியத்துக்குப் பங்குண்டு. ஆனாலும் மரகதம் பெரில் என்ற வேறு கனிமம்; இரண்டுக்கும் உறவில்லை.

நல்ல அவெஞ்சுரினை வெயிலில் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் உள்ளே புள்ளிபுள்ளியாக மின்னும். கொஞ்சம் திருப்பினால் அந்த மினுக்கம் அடங்கி, வேறோர் இடத்தில் எழும். தட்டையான மைக்கா செதில்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது அது. எனக்கு இந்தக் கல்லில் பிடித்ததே அதுதான்.

மண்ணுக்கடியில் புதைந்த மணற்பாறை, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகி இந்தக் கல்லாக மாறுகிறது. நம் பக்கத்து கர்நாடகத்தில், மைசூர், ஹாசன் வட்டாரத்தில் கிடைக்கிறது. பிரேசிலிலும் ரஷ்யாவிலும் உண்டு. வெளிநாட்டுச் சந்தையில் இதற்கு 'இந்தியன் ஜேடு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வைரம் 10 என்றால் இதன் கடினம் சுமார் 7. அதனால் மணி, மோதிரக்கல், கிண்ணம், பிள்ளையார் சிலை என்று எதற்கும் தாங்கும். ஒளி முழுமையாக ஊடுருவாததால் பட்டை தீட்டுவது குறைவு. மேற்புறத்தைக் குவித்து வழவழப்பாக்குவார்கள். துலக்க வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும்.

ஜேடு என்று சொல்லி விற்றால் கையில் தூக்கிப் பாருங்கள். ஜேடில் ஒரு வகையான ஜேடைட் தண்ணீரைப்போல் 3.3 மடங்கு கனம், இது 2.65 மடங்குதான். சாயம் ஏற்றிய கல்லாக இருந்தால், லென்ஸில் பார்க்கும்போது கீறல்களில் நிறம் தேங்கி நிற்கும்.

வாங்குவதில் தப்பே இல்லை, அழகான கல். அவெஞ்சுரின் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவெஞ்சுரினுக்குரிய விலையை மட்டும் கொடுங்கள்.