இரண்டு கப்பல்களும் சயாம் ரயிலும்



ஜப்பான் போருக்கு ஈடாகத் தென் வியட்நாமுக்கு 1959-இல் 3 கோடியே 90 லட்சம் டாலர் ஒப்புக்கொண்டது. டா நிம் நீர்மின் நிலையம் எழுந்தது. தென் கொரியாவுக்கு 1965-இல் 30 கோடி டாலர் மானியம். ஒரு பங்கு போஹாங் எஃகாலைக்குப் போயிற்று. நமக்கு? 1967-இல் இரண்டரைக் கோடி வெள்ளி, அதுவும் ரொக்கமாக அன்று, இரண்டு கப்பல்களாக! இத்துடன் யாவும் தீர்ந்தது என்று கையெழுத்தும் ஆயிற்று.

1942–43-இல் சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர் போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டனர், பெரும்பாலோர் தமிழர். காலராவிலும் பசியிலும் மாண்டனர். பிரிட்டிஷ் கைதிகளுக்காவது 1951-ஆம் ஆண்டுச் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையால் ஆளுக்குச் சொற்பத் தொகை கிடைத்தது. நம்மவருக்கோ பெயர்ப்பட்டியல்கூட இல்லை! பெரட்டில் ஓர் ஆள் குறைந்தால் அன்றே குறிக்கிற கிராணி நான்.

கிள்ளான் வட்டாரத்தில் யார் வீட்டிலிருந்து யார் போனார், எந்தத் தோட்டம் என்று தெரிந்தவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். நோட்டு கொண்டுவந்திருக்கிறேன்.