கணவனும் மனைவியும் சேர்ந்தே மருந்து எடுங்கள்

கப்பல்துறை மக்களே, உங்களில் பலர் மாடு வளர்க்கிறீர்கள். சினைப்பட்ட பசு கருக் கலைந்து மறுபடி பருவத்துக்கு வந்தால் நாம்பனையும் வைத்தியரிடம் காட்டவேண்டும். ட்ரைக்கோமோனாஸ் வகை ஒட்டுண்ணி ஒன்று, நாம்பனில் எந்த அறிகுறியும் காட்டாமல் தங்கி, சேரும் பசுக்களுக்கெல்லாம் பரவக்கூடும். பார்வைக்கு அது நல்ல வாட்டசாட்டமான நாம்பன்தான்!

மனிதரில் இருப்பது அதன் உறவுக்கார ஒட்டுண்ணி. மாட்டைத் தொட்டோ பால் குடித்தோ வருவதில்லை, உடலுறவினால் பரவுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2020இல் மட்டும் 156 மில்லியன் புதிய தொற்றுகள். பெண்களுக்கு மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் நுரைத்த வெள்ளைபடுதல், துர்நாற்றம், அரிப்பு, சலம் போகும்போது எரிவு வரலாம். கர்ப்பிணிகளுக்குக் குறைமாதப் பிரசவ ஆபத்து உண்டு. ஆண்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டில் சண்டை தொடங்குவதும் இதனால்தான். "யாரிட்ட இருந்து கொண்டுவந்தாய்?" என்ற கேள்வி பெண்ணிடம்தான் வரும். ஆனால் இந்த ஒட்டுண்ணி மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் மறைந்திருக்கும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. மனைவி மட்டும் மருந்து எடுத்தால் கணவரிடமிருந்து திரும்பவும் தொற்றும்.

திருகோணமலை வைத்தியசாலையின் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். விபரம் வெளியே போகாது. வைத்தியர் தரும் மெட்ரோனிடசோல் மாத்திரையை இருவரும் ஒரே காலத்தில் எடுங்கள். முடிந்து ஒரு வாரம்வரை உறவு வேண்டாம். மாத்திரை எடுக்கும் நாட்களில் சாராயமும் வேண்டாம் (ஆண்கள் கவனிக்க). போக வெட்கமென்றால் முதலில் உங்கள் குடும்பநல மாதுவிடம் தனியே சொல்லுங்கள்.