நான் ஏன் மீண்டும் எழுத வந்தேன்?

(கெப்பாலா பத்தாசில் நடைபெற்ற குடும்பச் சந்திப்பில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏன் சார் எழுதுறத நிறுத்திட்டீங்க?" என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். பத்தாண்டுகளுக்கு மேல் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். இன்று சொல்கிறேன்.

2007 நவம்பர் 25. எனக்கு அப்போது 26 வயது. பினாங்கிலிருந்து இரவோடு இரவாகப் புறப்பட்டோம். கோலாலம்பூரில் கண்ணீர்ப் புகையில் கண் எரிய ஓடிய பல்லாயிரம் பேரில் நானும் ஒருவன். டிசம்பர் 13-இல் இண்ட்ராப் தலைவர்கள் ஐவரை இசா சட்டத்தில் பிடித்துக் கமுந்திங்கிற்குக் கொண்டுபோனார்கள். அப்போது பிரதமராகவும் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தவர் இதே கெப்பாலா பத்தாஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அப்துல்லா அகமது படாவி. அவர் 2025-இல் காலமாகிவிட்டார். மறைந்தவரோடு எனக்குப் பகை இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய ஊரில் நின்று இண்ட்ராப் என்று சொல்லவே அன்று பலருக்குப் பயம். ஆனாலும் எழுதினேன்.

ஆட்சி மாறினால் நமக்கு விடியும் என்று எழுதினேன். 2008 மார்ச்சில் பினாங்கில் ஆட்சி மாறியது. 2009 செப்டம்பரில் கம்போங் புவா பாலாவில் நம் மக்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. நிலத்தை விற்க முடிவு செய்தது முந்தைய ஆட்சி. ஆனால் புல்டோசர் வந்தது நாம் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஆட்சியில்.

அதே ஆண்டில் நம் இயக்கத்திலிருந்தவர்கள் பிரிந்து இரண்டு கட்சிகளைத் தொடங்கினார்கள். 2013 ஏப்ரல் 18-இல் வேதமூர்த்தி தேசிய முன்னணியோடு ஒப்பந்தம் செய்தார். துணையமைச்சரானார். ஓராண்டு முடியுமுன், 2014 பிப்ரவரியில், பதவி விலகினார். அண்ணன் உதயகுமார் அப்போது தேச நிந்தனை வழக்கில் சிறையில் இருந்தார். ஒரே மேடையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

தலைவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. என் பங்கை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

2007 ஆகஸ்டில் லண்டனில் பிரிட்டிஷ் அரசுக்கு எதிராக 4 டிரில்லியன் அமெரிக்க டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். தலைக்கு 10 லட்சம் டாலர் என்று கணக்கு. தோட்டத்துப் பாட்டிமார்கள் என்னிடம், "காசு எப்ப தம்பி வரும்?" என்று கேட்டார்கள். நம்மைக் கூலிகளாகக் கொண்டுவந்து கைவிட்ட கதையை உலகம் கேட்க அந்த வழக்கு உதவும், பணம் கைக்கு வருவது நடக்காத காரியம் என்று சட்டம் படித்த எனக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை. சொன்னால் கூட்டம் கலைந்துவிடும் என்று பயந்தேன். அது என் தவறு. இங்கே உங்கள் முன் மன்னிப்புக் கேட்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு பாட்டி, பேரனை அழைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். பையனுக்கு 22 வயது. அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டவர். கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் 1-க்குப் பிறகு பதிவு இல்லாத திருமணம் சட்டத்தின் முன் திருமணமே இல்லை. அதனால் அப்பாவின் குடியுரிமை பையனுக்கு வரவில்லை. அடையாள அட்டை இல்லை, லைசன்ஸ் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை.

அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் அவனுக்கு ஒரு வழி இருந்தது. ஆனால் 21 வயதுக்குள் மனுச் செய்திருக்க வேண்டும். பாட்டிக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அவன் 10 வயதுப் பையனாக இருந்தபோது நான் எழுதுவதை நிறுத்தியவன்.

ஏன் நிறுத்தினேன் என்று பாட்டியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க கோவிச்சுக்கிட்டு வீட்டுல உக்காந்துட்டீங்க தம்பி. நாங்க யாருகிட்ட கோவிச்சுக்கிறது?"

அன்று இரவே எழுதத் தொடங்கினேன்.

இனி எந்தத் தலைவருக்கும் துதி பாட மாட்டேன். ஒரு வழக்கால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்வேன். நம் இயக்கம் தவறு செய்தால் அதையும் எழுதுவேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். பிறப்புப் பத்திரத்தைத் தள்ளிப் போடாதீர்கள். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அந்த 21 வயது வரம்பை 18-ஆகக் குறைக்கிறது. பத்திரம் இல்லாத பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

அந்தப் பையனின் வழக்கை இப்போது நான்தான் நடத்துகிறேன். வெற்றி நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். நீண்ட வழி. கூடவே நடப்பேன்.

போராட்டம் தொடரும்.