மின்கட்டணமும் மக்கள் மன்றமும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரண்டு மாதத்திற்கொருமுறை மின்சார அட்டையைக் கையிலெடுத்துப் பார்க்கும்போது ஒவ்வொரு குடும்பத்திலும் எழுகின்ற கேள்வி ஒன்றுண்டு. "சென்ற முறை இவ்வளவு, இம்முறை ஏன் இவ்வளவு?" என்பதே அது. இக்கேள்வி வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடுவதில்லை. தேநீர்க் கடையிலும் கிராம சபையிலும் எழுகின்றது. மின்சாரத்தை ஒரே ஓர் அமைப்பிடமிருந்துதான் வாங்க வேண்டியிருக்கிறது. விலையை ஏற்றினால் வேறு கடைக்குப் போக வழியில்லை. ஆகவே அவர்கள் வைத்ததே விலை என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து எவ்வளவு தூரம் சரி, எவ்விடத்தில் பிசகுகிறது என்பதை இன்று சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில், ஒரே ஓர் அமைப்பு ஏன் என்பதைக் கவனிப்போம். ஒரு தெருவில் இரண்டு மளிகைக் கடைகள் இருக்கலாம், இருந்தால் நன்மையே. ஆனால் அதே தெருவில் இரண்டு வரிசைக் கம்பங்களும், இரண்டு டிரான்ஸ்பார்மர்களும், இரண்டு கம்பிகளும் இருந்தால் என்னவாகும்? இரண்டுக்கும் முதல் போட்டவர்கள் இருவரும் தத்தம் செலவை அந்தத் தெருவாரிடமிருந்தேதான் வசூலிக்க வேண்டும். வாய்க்காலுக்குப் பக்கத்தில் இன்னொரு வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் இரட்டிப்பாவதில்லை, வெட்டுக்கூலிதான் இரட்டிப்பாகும். இக்காரணத்தினால்தான் உலகின் பல நாடுகளிலும் கம்பி ஒருவர் கையில் விடப்பட்டு, விலையைக் கட்டுப்படுத்த ஒரு பொது அதிகாரம் மேலே வைக்கப்பட்டது.

நம் நாட்டில் 1910-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின்கீழ்த் தனியார் கம்பெனிகள் உரிமம் பெற்று நகரங்களுக்கு விளக்கேற்றின. இலாபம் எங்கே உண்டோ அங்கேதான் அவர்கள் கம்பி நீண்டது. கிராமத்தின் பக்கம் அது திரும்பவில்லை என்பதில் வியப்பில்லை. ஐந்து மைல் கம்பி இழுத்துப் பத்து விளக்குகளுக்குக் கட்டணம் வாங்க எந்த முதலாளி முன்வருவார்? அரசாங்கத்தின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும், மேட்டூர் 1937-இலும், பாபநாசம் 1944-இலும் இயங்கத் தொடங்கின. சென்னை நகரத்தின் தனியார் மின் கம்பெனியை 1947-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1957 ஜூலை முதல் தேதியன்று மின் வாரியம் அமைந்தது. கிணற்றடியில் கவலை ஏற்றம் போய்ப் பம்புசெட் வந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம். இலாபக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் நம்மில் பலருடைய தோட்டத்திற்கு இன்றுகூட மின்சாரம் வந்திராது. ஒரே அமைப்பின் ஏகபோகத்தைக் குறைகூறும்போது இதை மறந்துவிடலாகாது.

ஆயினும், நன்றியுணர்ச்சி வேறு, கணக்குக் கேட்பது வேறு. கணக்குக் கேட்டதில் தமிழ்நாட்டு விவசாயி எவருக்கும் பின்தங்கியவரல்லர். யூனிட்டுக்குச் சில காசு உயர்த்தப்பட்டதை எதிர்த்துக் கோவை மாவட்ட விவசாயிகள் 1970-இல் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டு ஜூன் 19-ஆம் தேதி பெருமாநல்லூரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிர் நீத்தனர். 1972-இல் நாராயணசாமி நாயுடு அவர்களின் தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரின் வீதிகளை நிறைத்தனர். சில காசுக்கா இவ்வளவு என்று அன்று நகரத்தார் கேட்டதுண்டு. அந்தக் காசு எப்படி நிர்ணயிக்கப்பட்டது, யாரைக் கேட்டு நிர்ணயிக்கப்பட்டது என்பதல்லவா உண்மையான வழக்கு! அன்று கேட்பதற்கு ஒரு மன்றம் இல்லை; ஆகையால் வீதியே மன்றமாயிற்று. பின்னர் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று.

இனி வீட்டு மின்சாரத்திற்கு வருவோம். 2014 டிசம்பருக்குப் பிறகு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கட்டணம் உயர்த்தப்படவேயில்லை. கேட்பதற்கு இது இனிமையாக இருக்கும். ஆனால் அந்த எட்டு ஆண்டுகளில் நிலக்கரி விலை நிற்கவில்லை, வட்டி நிற்கவில்லை, ஊழியர் ஊதியம் நிற்கவில்லை. வரவுக்கு மிஞ்சிய செலவெல்லாம் கடனாக மாறிற்று. மின் விநியோகக் கழகத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயையும் கடந்தது. பிறகு 2022 செப்டம்பர் 10-ஆம் தேதி புதிய கட்டணம் ஒரேயடியாக நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாதத்தில் 200 யூனிட் செலவழிக்கும் குடும்பம் 170 ரூபாய் கட்டி வந்தது, 225 ரூபாய் கட்டலாயிற்று. 500 யூனிட் செலவழிக்கும் குடும்பத்திற்கு 1,130 ரூபாய் 1,725 ஆயிற்று. பாதிக்கு மேல் உயர்வு. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏற்றியிருந்தால் தாங்கியிருக்கக்கூடிய சுமையை எட்டாண்டு சேர்த்து ஒரு நாளில் இறக்கியது நல்ல நிர்வாகமாகாது என்பது எமது கருத்து. தேர்தலுக்குத் தேர்தல் தள்ளிப்போடும் பழக்கம் எக்கட்சிக்கும் தனியுரிமையன்று.

அந்த உத்தரவில் வேறொன்றும் உண்டு. ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக் குறியீட்டையொட்டிக் கட்டணம் மாறும், ஆனால் 6 சதவிகிதத்தை மிஞ்சாது என்பது அது. அதன்படி 2023-இல் 2.18 சதவிகிதம் உயர்ந்தபோது வீடுகளுக்குரிய பங்கை அரசாங்கமே ஏற்றது. 2024-இல் 4.83 சதவிகிதம் உயர்ந்தது, வீடுகளும் கொடுக்க வேண்டியதாயிற்று. 2025-இல் 3.16 சதவிகித உயர்விலிருந்து வீடுகளுக்கு மீண்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அரசாங்கம் ஏற்கிறது என்றால் கழகம் விட்டுக்கொடுக்கிறது என்பது பொருளன்று. பொதுப் பணத்திலிருந்து கழகத்திற்குப் போகிறது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 65-ஆம் பிரிவில், மானியம் தர விரும்பும் மாநில அரசாங்கம் அத்தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்று கூறுகிறது. முதல் 100 யூனிட் இலவசம் என்பதும், பம்புசெட்டுக்கு இலவசம் என்பதும் இவ்வகையிலேயே நடைபெறுகின்றன. வேறு யாரோ கொடுக்கிறார் என்று எண்ணாதீர்கள். தீப்பெட்டி வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் வரியாகக் கொடுப்பவரும் நாமே.

வீட்டுக் கட்டணத்தில் பலரும் அறியாத ஒரு நுட்பம் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு விகிதத்தையே வைத்துச் சொல்வோம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 500-ஐத் தாண்டிவிட்டாலோ அதே நூறு யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் கட்டுபவர், 501 யூனிட் ஆனவுடன் 1,958 ரூபாய் கட்ட வேண்டும். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! மீட்டர் பார்க்க வருபவர் நான்கு நாள் தாமதித்து வந்தால் அந்த நான்கு நாள் மின்சாரம் நம்மை இக்கோட்டைத் தாண்டித் தள்ளிவிடக்கூடும். ஆகையால் அட்டையில் எழுதப்படும் தேதியைக் கவனிக்க வேண்டும். சென்ற முறைத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுப் பெண்மக்கள் இக்கணக்கை ஆண்களைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"போட்டி வந்தால் விலை குறையாதா?" என்ற கேள்விக்கு வருவோம். ஒரே கம்பியின் மூலம் பலர் மின்சாரம் விற்கலாம் என்ற நோக்குடன் 2022 ஆகஸ்டில் ஒரு திருத்த மசோதா மக்களவையில் கொண்டுவரப்பட்டது. அது நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டு, 2024-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. அதே எண்ணம் 2025 அக்டோபரில் வெளியான வரைவிலும் தலைகாட்டிற்று. இதை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் உரக்கப் பேசுகின்றனர். நாமோ நடந்த உதாரணங்களைப் பார்ப்போம்.

ஒடிசாவில் மின் வாரியம் 1996-இல் பிரிக்கப்பட்டது. 1999-இல் விநியோகம் நான்கு வட்டாரங்களாகத் தனியாரிடம் விற்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் பெரும்புயல் வீசிற்று. மத்திய வட்டாரத்தை வாங்கியிருந்த அமெரிக்கக் கம்பெனி 2001-இல் விட்டுவிட்டுச் சென்றது. மற்ற மூன்று வட்டாரங்களின் உரிமங்களும் 2015-இல் ரத்தாயின. பின்னர் 2020-21-இல் நான்கும் வேறொரு தனியார் நிறுவனத்திடம், அரசாங்கத்தையும் பங்காளியாகக் கொண்டு, ஒப்படைக்கப்பட்டன. இங்கே நடந்தது போட்டியன்று; அரசாங்க ஏகபோகம் தனியார் ஏகபோகமாக மாறியதுதான். டில்லியிலும் 2002-இல் நடந்தது அதுவே. நகரம் பங்கிடப்பட்டது, ஒரு பகுதிக்கு ஒரு கம்பெனி. குடியிருப்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்கே?

உண்மையான போட்டியைப் பார்க்க வேண்டுமானால் மும்பைப் புறநகருக்குச் செல்ல வேண்டும். 2008-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையடுத்து, அங்கே ஒரு நிறுவனத்தின் கம்பி வழியாக இன்னொரு நிறுவனத்திடமிருந்து மின்சாரம் வாங்க வழி பிறந்தது. மலிவாக இருந்த பக்கம் மக்கள் மாறினார்கள். நன்மை பெற்றவரும் உண்டு. ஆனால் அதிகம் கட்டணம் தரும் பெரிய வாடிக்கையாளர் மாறிப் போகும்போது, அவர்களால் தாங்கப்பட்டு வந்த சிறிய வாடிக்கையாளரின் சுமை யார் தலையில் விழும் என்ற வழக்கு உடனே எழுந்தது. போகிறவரிடமும் ஒரு கூடுதல் தொகை வசூலிக்க ஆணையம் விதி செய்ய நேர்ந்தது. நம் மாநிலத்தில் ஆலைகளும் கடைகளும் தரும் கூடுதல் விலையே வீட்டுக்கும் விவசாயத்திற்கும் ஓரளவு நிழல். அம்மரத்தை வெட்டுவதற்கு முன் நிழலில் இருப்பவர் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. ஏகபோகம் தீமையாவது அதன் கணக்கு இருட்டில் இருக்கும்போதுதான். ஒரு சான்று காட்டுவோம். பம்புசெட்டுகளில் மிகப் பலவற்றிற்கு மீட்டர் இல்லை. அவை செலவழிக்கும் மின்சாரம் மதிப்பீட்டினால் கணக்கிடப்படுகிறது. வாங்கிய மின்சாரத்திற்கும் விற்ற மின்சாரத்திற்கும் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு கம்பியில் வீணாயிற்று, எவ்வளவு திருடப்பட்டது, எவ்வளவு வயலுக்குப் போயிற்று என்பதை மதிப்பீட்டினால் திட்டமாகப் பிரித்தறிவது கடினம். விவசாயிக்குக் கொடுத்ததாக எழுதப்படும் கணக்கில் வேறெவருடைய குறையும் ஒளிந்துகொள்ள இடமுண்டு. மீட்டர் வைத்தால் நாளைக்குக் கட்டணம் வந்துவிடுமோ என்று விவசாயி அஞ்சுவது நியாயமே. 2003-இல் இலவசம் நிறுத்தப்பட்டு 2004-இல் திரும்பியதை அவர் மறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கிணற்றுக்கும் மீட்டர் வைக்காமலே, பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மரில் ஒரு மீட்டர் வைத்து உண்மையைக் கண்டுகொள்ளலாம். இதைக் கேட்க வேண்டியவர்களே விவசாயிகள்தாம். ஊதாரி என்ற பெயர் நமக்கு எதற்கு?

கேட்பதற்கு இன்று மன்றம் இருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999-இல் அமைக்கப்பட்டது. சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி, கட்டணம் உயர்த்தக் கோரும் நிறுவனம் தன் விண்ணப்பத்தின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். பொதுமக்களின் ஆட்சேபணைகளைக் கருதிய பின்னரே, 120 நாட்களுக்குள், ஆணையம் உத்தரவிட வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று இடங்களில் இவ்வாறு விசாரணை நடந்தது. அத்தகைய விசாரணைகளில் ஆலை உரிமையாளர் சங்கங்கள் வழக்கறிஞர்களோடும் கணக்கர்களோடும் வந்து பக்கம் பக்கமாக வாதிடுகின்றன. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பஞ்சாயத்துகளின் குரல் அங்கே போதிய அளவு கேட்கவில்லை என்பதே நம் வருத்தம்.

பஞ்சாயத்தும் ஒரு வாடிக்கையாளர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஓடும் மின்சாரம் பஞ்சாயத்தின் கணக்கில்தான் வருகிறது. கட்டணம் உயர்ந்தால் அந்தப் பணம் சாலைக்கும் சாக்கடைக்கும் போகாமல் கட்டணத்திற்குப் போகும். பகலிலும் எரியும் தெருவிளக்கு, மேல்நிலைத் தொட்டி நிரம்பிய பின்னும் ஓடும் மோட்டார், எப்போதோ பழுதாகிக் கணக்கில் மட்டும் ஓடும் இணைப்பு ஆகிய இவற்றை ஊர் சுற்றிப் பார்த்துப் பட்டியல் எடுப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. அதன் பிறகு கிராம சபையில் கணக்கை வாசித்து, ஆட்சேபணையைத் தீர்மானமாக நிறைவேற்றி ஆணையத்திற்கு அனுப்பலாம். வெறுங் கோபத்தைவிட எண்களுக்கு அங்கே மதிப்பு அதிகம்.

தனி வீட்டின் குறைக்கும் வழியுண்டு. தப்பான கணக்கீடு, காலந்தாழ்ந்த இணைப்பு, மாற்றப்படாத மீட்டர் முதலியவற்றைப் பற்றி முதலில் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது பெற வேண்டும். அங்கே தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம்; அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர். பழைய பாக்கி என்று திடீரென ஒரு பெருந்தொகை கேட்கப்பட்டால் 56-ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். தொகை கொடுபடவேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு கழிந்த பாக்கியை, தொடர்ந்து கணக்கில் காட்டி வந்தாலொழிய, வசூலிக்கலாகாது என்பது அதன் சாரம். அட்டையையும் ரசீதுகளையும் இரண்டாண்டுக்காவது பத்திரப்படுத்துவது இதற்காகத்தான்.

2024-இல் நம் மின் கழகம் மறுபடியும் பிரிக்கப்பட்டு, உற்பத்திக்கு ஒன்று, பசுமை மின்சாரத்திற்கு ஒன்று, விநியோகத்திற்கு ஒன்று என மூன்று நிறுவனங்களாயிற்று. பெயர்ப் பலகை மாறினாலும் நம் வீட்டுக்கு வரும் கம்பி அதே கம்பிதான். அடுத்த கட்டண விண்ணப்பம் ஆணையத்தின் முன் வரும்போது அதன் சுருக்கம் நாளிதழ்களில் வெளியாகும். ஆட்சேபணைக்குரிய கடைசித் தேதியும் அதிலேயே இருக்கும். பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் அதை ஒட்டிவைக்கும் பொறுப்பை இன்றே ஒரு உறுப்பினரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.