மஞ்சள் நோட்டீஸுக்குப் பிறகு



"அவர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டாராம்" என்று ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பினால் போதும். அடுத்த நாள் மளிகைக் கடையில்கூட அந்த வீட்டுக்குக் கடன் சொல்ல முடியாது. ஐ.பி. என்று நீதிமன்ற வட்டாரத்தில் சொல்லப்படும் இந்தத் திவால் மனு, வெள்ளைக்காரர் காலத்து 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் போடப்படுவது. ஆனால் அந்தப் படியேறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கடனில் மூழ்கியவர்களில் பலர் வங்கியோடு பேசி, முடிந்த தொகையைக் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். எந்த வழியில் போனாலும் பிறகு மனத்தை அரிக்கிற கேள்வி ஒன்றுதான்: இனி எந்த வங்கியாவது நமக்குக் கடன் கொடுக்குமா?

கொடுக்கும். ஆனால் வங்கி நம் முகத்தைப் பார்ப்பதில்லை, நம் பதிவைப் பார்க்கிறது. அந்தப் பதிவை முதலில் நாம் பார்த்தாக வேண்டும்.

இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் நம் கடன் வரலாற்றை வைத்திருக்கின்றன. அதை வைத்து அவை நமக்குத் தரும் மதிப்பெண் 300-லிருந்து 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் நல்ல மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

அறிக்கையைத் திறந்தால் ஒவ்வொரு கடனுக்கும் மாதவாரியாகச் சிறு கட்டங்கள் இருக்கும். தவணையை ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் மூன்று பூஜ்யம். 060 என்று இருந்தால் அறுபது நாள் பாக்கி என்று அர்த்தம். அதோடு, கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்ற பதிவையும் பாருங்கள். ஒருவருக்குக் கிரெடிட் கார்டில் 1,80,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். வங்கி 80,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டது, அவரும் கட்டிவிட்டார். தொல்லை தீர்ந்தது என்றுதான் நினைப்பார். ஆனால் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும். அடுத்து கடன் கேட்டுப் போகிற இடத்தில், இவரால் ஒரு வங்கிக்கு ஒரு லட்சம் நஷ்டம் என்றே அதைப் படிப்பார்கள். பின்னாளில் கையில் பணம் சேரும்போது அந்த வங்கிக்கே போய், மீதியைக் கட்டினால் பதிவை மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். சம்மதித்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். 'நோ டியூ' சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்.

கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கியாகக் காட்டுகிறதா? அறிக்கை தந்த நிறுவனத்திடம் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. 30 நாளுக்குள் தீர்க்கவில்லை என்றால், அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது விதி.

பதிவு சரியானதும் புதிய வரலாறு எழுத வேண்டும். யாரும் கடன் தராதபோது வரலாறு எப்படி உண்டாகும்? வங்கியில் 20,000 ரூபாய் வைப்புத்தொகை போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு கேளுங்கள். பணம் அவர்களிடமே இருப்பதால் பல வங்கிகள் பழைய மதிப்பெண்ணைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. மாதம் ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு மின்கட்டணம், அவ்வளவு போதும். வரம்பில் முப்பது சதவீதத்தைத் தாண்டாதீர்கள். பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டுங்கள். 'மினிமம் டியூ' மட்டும் கட்டினால் மீதிக்கு வருடத்துக்கு நாற்பது சதவீதத்தை ஒட்டி வட்டி ஏறும். பழைய குழியில் பலர் விழுந்ததே அந்த வழியாகத்தான். வங்கியில் வைத்த நகைக் கடனை ஒழுங்காகத் திருப்பினாலும் பதிவில் நல்ல பெயர் சேரும். தெரு முனை அடகுக் கடையிலும் அக்கம்பக்கத்துச் சீட்டிலும் நீங்கள் காட்டுகிற நாணயம் இந்த ஏட்டில் ஏறாது.

சில எச்சரிக்கைகள். ஒரே மாதத்தில் நாலைந்து இடங்களிலும் செல்போன் கடன் செயலிகளிலும் விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் பதிவாகும், மதிப்பெண்ணும் சரியும். மச்சான் கேட்டார், மறுக்க முடியவில்லை என்று ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடனும் உங்கள் அறிக்கையில் வந்து உட்காரும். பணம் கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் ஏமாறாதீர்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவை நீங்களே செலவில்லாமல் திருத்தலாம்.

பழைய கறை சில வருடங்கள் இருக்கத்தான் செய்யும். ஆனால் கடன் கொடுப்பவர் சமீப மாதங்களைத்தான் அதிகம் கவனிப்பார். தாமதமில்லாத ஒவ்வொரு மாதமும் உங்கள் பக்கம் சாட்சி சொல்லும். ஆகவே இந்த வாரமே அந்த இலவச அறிக்கையை எடுத்து, ஒவ்வொரு கடனும் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.